எம்பத்திரெண்டு கிலோ ஹக்கீம்

திண்டுக்கல், பேகம்பூர்
14-6-2025

என் தங்கச்சி பெத்த தங்கக்கட்டி நாசருக்கு, மாமு அப்பாஸ் சலாம் சொல்லி எழுதுறது. அல்லாஹ் கிருபையில நான் சொகம். காது மட்டும் பழையபடி. தோல் பதனிடுற ஷாப்பு டிரம்மு சத்தத்துல செத்த காது, இனியா அதுக்கு உசிரு வரப்போகுது? போன்ல நீ ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு கேக்க, வம்பு வேணாம்னு பேப்பர் எடுத்தேன்.

உன் கால் எப்பிடி இருக்கு? உள்ளார தகடு வச்சிருக்காமே. மழை பேஞ்சா துரு பிடிச்சிரப் போகுது, எண்ணெய் கிண்ணெய் போட்டுக்கடா. பக்ரீத்துக்கு நீ வரல. உன் பங்குக் கறிய எடுத்து வச்சு, எடுத்து வச்சு, கடைசியில நானே தின்னுட்டேன்.

விசயத்துக்கு வாரேன். பிப்ரவரியில நீயும் என் மகன் மன்சூரும் ராலிப் பந்தயத்துல கொண்டு போயி புளியமரத்துல சாத்துனீங்களே, அந்தக் காரு ரெடி ஆயிருச்சு. தகரமெல்லாம் நிமித்தி, பெயின்ட் அடிச்சு, புது மாப்பிள்ள மாதிரி நிக்கிது. ஆனா வாலு ஆடுறது நிக்கல. வளைவுல திரும்புனா பின்பக்கம் வெளிய வீசிக்கிட்டுப் போகுது. செப்டம்பர்ல உடுமலைப் பக்கம் கரண்டுக் காத்தாடிக் காட்டுல மறுக்க ராலி இருக்காம். போறேன்னு நிக்கிறான். அந்த ஊருலயும் மரம் இருக்கத்தானே செய்யும்?

நீ கோயமுத்தூர் பட்டறையில பொழைக்கிறதே ஸ்பிரிங்கும் ஷாக்கும் வச்சுத்தான. ஒரு வழி பண்ணு அப்பு. இது மன்சூர் சொல்லி எழுதல. அவனுக்குத் தெரியாது.

பஸ் கண்டக்டர் பிராங்கிளின் கையில இதைக் குடுத்து விடுறேன். பதிலையும் அவர்கிட்டயே குடு. உங்கம்மாளுக்கு என் சலாம்.

உன் மாமு அப்பாஸ் ராவுத்தர்


கோயமுத்தூர்
22-6-2025

மாமுவுக்கு நாசர் சலாம். அம்மா நல்லா இருக்கு, முழங்கால் வலி மட்டும். நான் கக்கத்துல கம்பு வச்சு நடக்குறேன். துருவைப் பத்தி விசாரிச்சதுக்கு சந்தோசம்.

முடியாதுன்னு எழுதி ரெண்டு பேப்பரைக் கிழிச்சுட்டேன். உங்க மகன் என்னை ஆசுபத்திரியில வந்து பாக்கல. ஆனா 'நாசர் போட்ட ஸ்பிரிங்கால வந்த வினை'ன்னு ஊர்பூராம் சொல்லிருக்கான். மாமு, வண்டி டக்குனு திரும்பணும், பின்னாடி கெட்டியாப் போடுன்னு கேட்டதே அவன்தான். போட்டேன். வளைவு நடுவுல ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துறாதேன்னும் சொன்னேன். அது முன்வீல் இழுக்குற வண்டி. காலை எடுத்தா பாரமெல்லாம் மூக்குக்கு ஓடிரும். பின்வீலு லேசாயி மண்ணுல பிடிப்பு விட்டுரும். வாலு வீசிரும். சோத்தாங்கை வளைவு அது. அவன் காலை எடுத்தான். எஞ்சின் சத்தம் அடங்குனதைக் கேட்டேன். அப்பறம் மரம் என் பக்கத்துக் கதவுல இருந்துச்சு.

ஆனாலும் அந்த பீச்சாங்கை சீட்டுல, நோட்டைப் பாத்து அடுத்த வளைவை வாசிச்சுச் சொல்ல, இனி எவனோ ஒருத்தன் உக்காரப் போறான். அவன் எனக்கு ஒண்ணும் பண்ணல. அவனுக்காகச் செய்யிறேன். யாரு அவன்? ஹெல்மெட்டோட எடை என்ன? சும்மா கேக்கல. அந்தப் பக்கம் எம்புட்டு பாரம்னு தெரிஞ்சாத்தான் ஸ்பிரிங்கைத் தாங்குற ரிங்கை எங்க நிப்பாட்டணும்னு தெரியும்.

நுஸைபாவைக் கேட்டதாச் சொல்லுங்க. தங்கச்சின்னு ஒருத்தி அங்க உங்க மருமகளா இருக்கா, அண்ணனுக்கு ஒரு போன் இல்ல.

நாசர்


திண்டுக்கல்
30-6-2025

மருமகனுக்கு மாமு சலாம். நீ மனசு எளகுனதுல எனக்கு ரத்தக் கொதிப்பே எறங்கிருச்சு. டாக்டரை வர வேணாம்னுட்டேன்.

ஆளு பேரு அப்துல் ஹக்கீம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல கேரளா லாரிக்குத் தக்காளி ஏத்தி விடுறான். மீசை இருக்கும், மூளை கொஞ்சம் கம்மி, இல்லேன்னா என் மகன் பக்கத்துல ஏறுவானா? ஆனா கணீர்னு வாசிப்பான். எடை எம்பத்திரெண்டு. தக்காளிப் பெட்டி வைக்கிற தராசுல ஏத்தி நிப்பாட்டி நானே பாத்தேன். ஹெல்மெட்டும் சேத்தி.

நுஸைபா சொகமா இருக்கா. ஸ்கூல்ல பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துட்டு வந்து எனக்கும் சொல்லிக் குடுக்குறா, எனக்கு ஏறல. வேலை சாஸ்தி, அதான் போன் பண்ணல.

சீக்கிரம் அனுப்பு அப்பு.

மாமு


அதே நாளு

தங்கச்சி ரஃபியாவுக்கு அண்ணன் அப்பாஸ் சலாம். இந்தக் கவரை நாசர் கண்ணுல காட்டாதே. படிச்சுட்டு அடுப்புல போடு.

நீ போன்ல அழுதேன்னு நுஸைபா சொன்னா. நானுந்தான் சொல்லிப் பாத்தேன். உன் மக கேக்குற ரகமா? 'மாமு, அந்த சீட்டுல நான்தான் ஏறுவேன்'னு ஒரே பேச்சு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா. ராலி லைசன்சும் வாங்கி வச்சுட்டா.

நாசருக்கு இது தெரிஞ்சா ஸ்பிரிங் அனுப்ப மாட்டான். அவன் அனுப்பலேன்னு இவ எறங்கவும் மாட்டா. வாலு ஆடுற வண்டியிலயே ஏறிருவா. அதான் ஹக்கீம்னு ஒருத்தனை உண்டாக்கினேன். பொம்பளை எடை எழுதுனா அவன் மோப்பம் பிடிச்சிருவான்னு நல்லா சதையும் போட்டு விட்டேன். ஆம்பளை, மீசை, எம்பத்திரெண்டு கிலோ. இனி எவனும் சந்தேகப்பட மாட்டான். எப்பிடி உன் அண்ணன் மூளை?

நீ வாயத் தொறக்காதே. துவா செய்யி.

அப்பாஸ்


கோயமுத்தூர்
12-7-2025

மாமுவுக்கு சலாம். சொகமா? அம்மா ஏனோ கொஞ்ச நாளா என் மூஞ்சியப் பாக்காமயே சோறு போடுது. கேட்டா வெங்காயம் நறுக்குனேங்குது.

பெட்டியில பின்பக்கத்து ஸ்பிரிங்கும் ஷாக்கும் இருக்கு. பழசை விட எளக்கமானது. பின்னாடி ரெண்டு வீலையும் சேத்துக் கட்டுற குறுக்குக் கம்பியைக் கழட்டிறச் சொல்லுங்க. அது இருந்தா வளைவுல உள்பக்கத்து வீலைத் தூக்கி விட்டுரும். பின்வீலு ரெண்டும் நூலளவு உள்ள பாத்து நிக்கணும். எடதுபக்கத்து ரிங்கை ஏத்தி வச்சு பச்சைப் பெயின்ட் அடிச்சிருக்கேன். அது ஹக்கீம் எடைக்கு. யாரும் அதைத் திருப்பக் கூடாது.

மன்சூருக்குத் தோள் எலும்பு வலிச்சுக்கிட்டு இருந்துச்சே, பெல்ட்டு அறுத்த எடம். சும்மா கேட்டேன். பதில் எழுத வேணாம்.

நாசர்


திண்டுக்கல்
27-7-2025

மருமகனுக்கு மாமு சலாம். ஆடிக் காத்துல கைலி பறக்குது, பிடிச்சுக்கிட்டேதான் எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா மானத்தைக் காப்பாத்துனேன்னு நெனைச்சுக்க.

பெட்டியப் பாத்தான். மேல உன் கையெழுத்தைப் பாத்தான். மாட்டும்போது 'எடது ரிங் ஏன் ஏறி இருக்கு?'ன்னு கேட்டான். நாசர் வச்சா சரியாத்தான் இருக்கும்னேன். ஆமான்னுட்டு மாட்டிட்டான். தோள் வலி இருக்கு. நீ கேக்கல, நானும் சொல்லல.

கன்னிவாடிப் பக்கம் செம்மண் தடத்துல ஓட்டிப் பாத்தாங்க. எனக்கு சத்தம் கேக்காது, ஆனா கண்ணு கழுகுக் கண்ணு. பீச்சாங்கை வளைவுல என்ன அடக்கம்! புதுப்பொண்ணு மாதிரி போகுது. சோத்தாங்கை வளைவு வந்துச்சு, மறுக்க மாமியாக்காரி ஆயிருச்சு. வாலு வீசுது. முந்தி ரெண்டு பக்கமும் வீசுனது, இப்ப சோத்தாங்கைப் பக்கம் மட்டும் சாஸ்தியா வீசுது. நீ மரத்துல அடி வாங்குனியே, அதே மாதிரி வளைவு.

இது என்னடா வைத்தியம், பாதி உடம்புக்கு மட்டும்? பதில் சீக்கிரம் வேணும்.

மாமு


கோயமுத்தூர்
2-8-2025

மாமுவுக்கு சலாம். எல்லாரும் சொகந்தானே?

ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. ஒரு பக்கம் அடக்கம், ஒரு பக்கம் வீச்சு. நாலு வீலுலயும் காத்து ஒரே அளவா? பின்பக்கத்து ரப்பர் புஷ் ஏதும் கிழிஞ்சிருக்கா? அது எல்லாம் சரின்னா ஒரே ஒரு காரணம்தான் மிச்சம். எடதுபக்கம் நான் நெனைச்ச பாரம் இல்ல. பாரம் கம்மியா இருந்தா ஏத்தி வச்ச ரிங்கு அந்த மூலையை முட்டுக் குடுத்துத் தூக்கும். அப்ப பீச்சாங்கை வளைவுல நல்லாப் போகும், சோத்தாங்கை வளைவுல வீசும்.

ஹக்கீம் வண்டியில இருந்தாரா, இல்ல தனியா ஓட்டிப் பாத்தீங்களா? உடனே எழுதுங்க. அதுவரைக்கும் வேகமா ஓட்ட வேணாம்.

நாசர்


திண்டுக்கல்
9-8-2025

மருமகனுக்கு மாமு சலாம். காத்து சரி, புஷ்ஷும் சரி.

ஹக்கீம் இருந்தான். ஆனா பாவம், அவனுக்கு ஒரு மாசமா வயித்தால போகுது. கல்யாண வீட்டுல கண்டதையும் தின்னுருக்கான். ஆளு எளைச்சு மீசை மட்டும் நிக்கிது. நேத்து தராசுல ஏத்துனேன், அம்பத்தாறு. அந்தக் கணக்குக்கு ரிங்கை எங்க நிப்பாட்டணும்னு மட்டும் எழுதி விடு, போதும். நீ வர வேணாம், கால் வலிக்கும்.

நேத்து வண்டி சோத்தாங்கை வளைவுல சுத்தி வரப்பு மேல ஏறி நின்னுச்சு. ஹக்கீமுக்கு பீச்சாங்கைத் தோள் கன்னிப் போச்சு. அழுகல. எறங்கி மண்ணைத் தட்டிட்டு மறுக்க ஏறிருச்சு. ஏறிட்டான்.

சுருக்கா எழுது.

மாமு


கோயமுத்தூர்
13-8-2025

மாமு,

எம்பத்திரெண்டு கிலோ ஆளு ஒரு மாசத்துல அம்பத்தாறு ஆனா, அவனை ஏத்த வேண்டியது காருல இல்ல, ஆம்புலன்ஸ்ல.

அம்மாகிட்ட கேட்டேன். இந்தத் தடவை கையில வெங்காயம் இல்ல.

என் கால் ஒடைஞ்ச சீட்டுல என் தங்கச்சிய உக்கார வச்சிருக்கீங்க. அதுக்கு என் கையாலயே தப்பா ஸ்பிரிங் போட வச்சிருக்கீங்க. வரப்புக்குப் பதிலா அங்க மரம் இருந்திருந்தா நான் யார்கிட்ட போயி என்ன சொல்லிருப்பேன்? உங்களுக்கு எல்லாமே வெளாட்டு.

ஸ்பிரிங்கைக் கழட்டி அனுப்புங்க.

நாசர்


திண்டுக்கல்
1-9-2025

அண்ணனுக்கு நுஸைபா சலாம். கால் எப்பிடி இருக்கு? மழைக்கு வலிக்குதா?

என் எடை அம்பத்தாறு. ஹெல்மெட், சூட்டு, ஷூ எல்லாம் சேத்து. மாமு எழுதுனதுல அது ஒண்ணுதான் நெசம்.

மாமுவை விட்டுரு அண்ணே. உன் கடுதாசி வந்ததுலருந்து அவர் யாரையும் கேலி பண்ணல. பேப்பரை எடுக்குறாரு, பேனாவை மூடுறாரு, படுத்துக்கிறாரு. வீடு வீடாவே இல்ல.

நான் ஏன் ஏறுறேன்னு யார்கிட்டயும் சொல்லல. உனக்குச் சொல்றேன். என் வீட்டுக்காரரு சோத்தாங்கை வளைவு வந்தாலே காலை எடுக்குறாரு. ஒவ்வொரு தடவையும். வேணும்னு இல்ல. நீ அன்னைக்குக் கத்துன சத்தம் முன்னாடியே கேக்குதாம், கால் தானா வந்துருதாம். ஒரே ஒரு நாளு சொன்னாரு, மூஞ்சிய செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு. உன் ஸ்பிரிங்கைக் குத்தம் சொன்னது பொய்னு அவருக்குத் தெரியும். ஆசுபத்திரி வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பினவருதான்.

வேற யாரு ஏறுனாலும், வண்டி அசைஞ்சா கத்துவாங்க. கத்துனா இவரு முடிஞ்சாரு. நான் கத்த மாட்டேன். வாசிச்சுக்கிட்டே இருப்பேன். வரப்புல ஏறுனப்பக்கூட அடுத்த வளைவைத்தான் வாசிச்சேன்.

ராலிய விட்டுருங்கன்னு சொன்னேன் அண்ணே. விட்டா இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேங்குறாரு. அவரு அப்பிடிக் கெடக்குறதை நீ பாத்தா ஏன் ஏறுனேன்னு கேக்க மாட்டே.

காலை எடுத்தாலும் வாலு வராத மாதிரி ஒரு வண்டி பண்ண முடியுமா? முடியாதுன்னா நேரா சொல்லிரு. என் காலடியில மணல் மூட்டை கட்டி எம்பத்திரெண்டு ஆக்கிக்கிறேன். எறங்க மட்டும் மாட்டேன்.

உன் தங்கச்சி
நுஸைபா


கோயமுத்தூர்
5-9-2025

மாமுவுக்கு நாசர் சலாம். எந்திரிச்சு உக்காருங்க. சாப்பிடுங்க.

மூட்டை கட்ட வேணாம்னு அவகிட்ட சொல்லுங்க. வண்டி கவுந்தா மொத அடி அந்த மூட்டைதான் அடிக்கும்.

நான் அனுப்புனது காலை எடுக்காத மன்சூருக்குப் போட்ட ஸ்பிரிங். காலை எடுக்குற மன்சூரு ஒருத்தன் இருக்கான்னு எனக்கு யாரும் சொல்லல. அவனுக்கு வேற. இன்னும் எளக்கமா, இன்னும் நீளமா. மூக்கு அமுங்கும்போது பின்வீலு மண்ணை விடாமக் கூடவே எறங்கணும். வண்டி முந்தி மாதிரி வெடுக்குனு திரும்பாது, கொஞ்சம் நேரம் போகும். ஜெயிக்க மாட்டான். வீட்டுக்கு வருவான்.

நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பிராங்கிளின் பஸ்சுல பெட்டியோட நானும் வாரேன். மொதல்ல அந்த சீட்டுல நான் உக்காருவேன், என் எடைக்கு ரிங்கை வச்சு. சோத்தாங்கை வளைவு நடுவுல அவன் வேணும்னே காலை எடுக்கணும். வாலு வரலைன்னா அதுக்கப்பறம் அவ எடைக்கு மாத்தித் தாரேன். வந்துச்சுன்னா வண்டிய அங்கயே விட்டுட்டு எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போவோம்.

நான் கத்த மாட்டேன்னு அவன்கிட்ட நீங்க சொல்ல வேணாம். வந்து நானே சொல்லிக்கிறேன்.

நாசர்


திண்டுக்கல்
8-9-2025

தங்கச்சி ரஃபியாவுக்கு அண்ணன் அப்பாஸ் சலாம். படிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிப்புடுறேன், உன் மகன், உன் மக, என் மகன், மூணு பேரும் முழுசா இருக்காங்க. நீ விசாரிக்கலேன்னாலும் நானும் இருக்கேன். இனி அழுகாமப் படி.

நேத்து காலையில நாசர் வந்து எறங்குனான். மன்சூர் போயி கையிலருந்த பெட்டிய வாங்கிக்கிட்டான். சலாம் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் காருக்கு அடியில தலைய விட்டுக்கிட்டாங்க. என்னடா பேசுறாங்கன்னு நுஸைபாகிட்ட கேட்டேன். 'பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்கன்னு கேட்டான், இந்தான்னு குடுத்தாரு'ன்னு என் காதுல வந்து கத்துனா. இத்தனை மாசங்கழிச்சு மச்சானும் மச்சானும் பேசுன மொதப் பேச்சு!

அப்பறம் செம்மண் தடத்துக்குப் போனோம். நாசர் ஏறுறதுக்கு முன்னாடி கதவைப் பிடிச்சுக்கிட்டு செத்த நேரம் நின்னான். மூஞ்சி சாம்பலாப் போச்சு. கேலி பண்ணலாம்னு வாயத் தொறந்தேன் ரஃபியா, வரல. அவனே காலைக் கையால தூக்கி உள்ள வச்சுக்கிட்டான்.

வண்டி சோத்தாங்கை வளைவுக்குள்ள வந்துச்சு. எனக்கு எஞ்சின் சத்தம் கேக்காது, ஆனா முன்வீலுப் புழுதி டக்குனு அடங்குனதைப் பாத்தேன். மூக்கு தாழ்ந்துச்சு. காலை எடுத்துட்டான். நான் வாலையே பாக்குறேன். அசைஞ்சுச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அசைஞ்சு, பின்னாடியே வந்துருச்சு. மறுக்க வந்தாங்க. மறுக்கவும் அப்பிடித்தான். மூணாவது தடவை வளைவு தாண்டி வண்டி நின்னுருச்சு. கதவு தொறக்கல. ரெண்டு ஹெல்மெட்டும் நேராப் பாத்துக்கிட்டு இருக்கு. அப்பறம் ஒண்ணு குனிஞ்சுச்சு. இன்னொண்ணு அது மேல கைய வச்சுச்சு. எது யாருன்னு புழுதியில தெரியல. என்ன பேசுனாங்கன்னு நுஸைபாவுக்கும் கேக்கல.

எறங்கி வந்த நாசர் மண்ணுல படுத்து, தங்கச்சி எடைக்கு ரிங்கை எறக்குனான். அவ ஏறுனா. பெல்ட்டை அவனே இழுத்து மாட்டுனான். மாட்டிட்டு, கம்பை ஊண்டிக்கிட்டு விடுவிடுன்னு போயி அந்த வளைவோட வெளிப்பக்கம் நின்னான் பாரு. வாலு வீசுனா நேரா அவன் மேலதான் வரும். அப்பிடி எடம்.

எனக்கு உசிரு இல்ல. ஓடிப்போயி சட்டையப் பிடிச்சு இழுத்தேன். 'ஏலே கிறுக்கா, வாலு இங்கதானடா வரும்!' அசையல. ஏதோ சொன்னான். காதை அவன் வாய்கிட்ட கொண்டு போனேன்.

'வராது மாமு'ங்குறான்.

இழுக்கவும் முடியல, விட்டுட்டுப் போகவும் முடியல. நானும் நின்னேன்.

காரு வந்துச்சு. கண்ணாடிக்குப் பின்னாடி நுஸைபா வாய் அசையிறது தெரிஞ்சுச்சு, வாசிச்சுக்கிட்டே இருக்கா. எங்க ரெண்டு பேரையும் பாத்தாளா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்குறா. முன்வீலுப் புழுதி அடங்குச்சு. நான் கண்ணை மூடிட்டேன். மூடலைன்னுதான் நாசர்கிட்ட சொல்லிருக்கேன், நீயும் அப்பிடியே சொல்லு. ரெண்டு கல்லு முழங்கால்ல வந்து அடிச்சுச்சு. தொறந்து பாத்தா வண்டி அடுத்த வளைவுல போயிக்கிட்டு இருக்கு. நாசர் என் சட்டையக் கொத்தாப் பிடிச்சிருக்கான். நான்தான் அவனைப் பிடிச்சிருந்தேன்னு சொல்லுவான், நம்பாதே.

ராலிக்கு ரெண்டு வாரம் இருக்கு. அதுவரைக்கும் அவன் இங்கயே இருக்கட்டும். சோறு நான் போடுறேன், துவா நீ செய்யி.

உன் அண்ணன்
அப்பாஸ்